ரிப்பன் ஆற்றில் விழுந்த காவல்படை

அந்தத் தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பட்டம் சும்மா வரவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தால், "இன்னிக்கு டெஸ்ட் இருக்கு" என்பாள். இருக்கும். அம்மா ஆசையாகத் தலையைத் தடவினால், "கடைக்குப் போகணுமா?" என்பாள். போகத்தான் வேண்டியிருக்கும். பிஸ்கட் டப்பா இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தால், நேராகத் தம்பியிடம் போய் வாயை முகர்ந்து பார்ப்பாள். தம்பிக்கு ஆறு வயது. எல்லோருக்கும் அவன் வாண்டு. அவன் வாயில் எப்போதும் பிஸ்கட் வாசனைதான்.

நாலு தடவை நம் சந்தேகம் பலித்துவிட்டால், ஐந்தாவது தடவை தப்பிப்போகலாம் என்று யாருக்குத் தோன்றும்? சி.ஐ.டி.க்கும் தோன்றவில்லை.

அவர்கள் வீட்டு மாடியில் ஒரு தச்சர் குடும்பம் புதிதாகக் குடிவந்தது. தச்சரின் மகன் சி.ஐ.டி.யின் வகுப்பில்தான் சேர்ந்தான். வந்து ஒரு மாதமாகியும் யாரோடும் பேசவில்லை. சிரிப்பு என்பது அவன் முகத்துக்கு வழி தெரியாமல் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. வகுப்பில் உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் உம்மணா என்று சுருக்கிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மணா ஒரு மரப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கீழ்வீட்டு வாசலில் நின்றான்.

"உங்க வீட்டுல பெரிய மேசை இருக்குன்னு அப்பா சொன்னாரு" என்றான்.

இருந்தது உண்மைதான். சி.ஐ.டி.யின் அம்மா தையல்காரர். முன்னறைதான் கடை. துணி வெட்டும் மேசை அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது காலியாக இருக்கும்.

"மேசை எதுக்கு?" என்று கேட்டாள் சி.ஐ.டி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

உம்மணா பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஒரு ராணுவம் இருந்தது. இல்லை, இரண்டு ராணுவங்கள். ஒவ்வொரு சிப்பாயும் சுண்டுவிரலில் பாதி உயரம். நீலச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம், சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். தலையில் சின்ன வாளியைக் கவிழ்த்தது போலத் தொப்பி. சட்டைப் பொத்தான்களுக்குக்கூட மஞ்சள் புள்ளி வைத்திருந்தது. எட்டெட்டுப் பேராக அட்டைகளில் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள்.

"இது நெப்போலியன் காலத்துச் சண்டை" என்றான் உம்மணா. "நீலம் பிரெஞ்சுக்காரங்க. சிவப்பு இங்கிலீஷ்காரங்க. எங்க அண்ணன் பெயின்ட் அடிச்சது. அவன் காலேஜுக்குப் போயிட்டான். எனக்கு விளையாட ஆள் இல்ல."

ஒரு மாதத்தில் அவன் பேசிய மொத்தத்தைவிட இது அதிகம். சி.ஐ.டி. வழியை விட்டு விலகி நின்றாள்.

மேசைமேல் பச்சை லைனிங் துணியை விரித்தார்கள். அடியில் துணிக்கட்டுகளைச் செருகினால் மலைகள். நூல்கண்டுப் பெட்டிகள் ஒரு கிராமம். நீல சாட்டின் ரிப்பனை வளைத்து வளைத்துப் போட்டதும் ஆறு வந்துவிட்டது.

"எங்க அண்ணன்கிட்ட தலகாணி மாதிரி ஒரு விதிப்புத்தகம் இருக்கு. அதை வச்சு ஆடினா ஒரு சண்டை முடிய ஒரு நாள் ஆகும். நாம வேக விதியில ஆடலாம்" என்று உம்மணா ஒரே ஒரு அட்டையைக் காட்டினான். "காலாட்படை ஆறு அங்குலம் வரைக்கும் போகலாம். குதிரைப்படை பன்னெண்டு. பீரங்கி நகர்ந்தா சுடக்கூடாது, சுட்டா நகரக்கூடாது. எதிரியைத் தொட்டா ரெண்டு பேரும் பகடை போடணும். கம்மியா போட்டவன் படை ஆறு அங்குலம் பின்வாங்கணும். பின்வாங்கும்போது ஆத்தைத் தொட்டா முழுகிப் போயிடும்."

"ஆத்துக்குப் பாலம் கிடையாதா?" என்றான் வாண்டு.

"கிடையாது."

"ஏன்?"

"வேக விதி."

வாண்டுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிரவு ஏன் பல் துலக்கவில்லை என்று அம்மா கேட்டபோது அதையே சொன்னான்.

தூரத்தை அளக்க உம்மணா தன் அப்பாவின் இரும்பு டேப்பைக் கொண்டுவந்திருந்தான். மேசை அகலம் என்பதால் இந்தப் பக்கத்துக்கு இன்னொன்று தேவைப்பட்டது. சி.ஐ.டி. உள்ளே ஓடினாள். வெட்டும் வேலைக்குத்தான் ஞாயிறு விடுமுறை. தைக்கும் வேலைக்குக் கிடையாது. அம்மா பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அளக்கிற டேப் ஒண்ணு குடும்மா."

"ஆணியில பழசு தொங்குது, எடுத்துக்கோ" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சி.ஐ.டி. சிவப்புப் படைக்குத் தளபதி ஆனாள். முதல் ஆட்டத்தில் தோற்றாள். புது ஆட்டம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறும் தோற்றாள். அதற்கடுத்த ஞாயிறும் தோற்றபோது அவளுக்கு மூக்கு வியர்த்தது.

தோற்றதுகூடப் பரவாயில்லை. தோற்ற விதம்தான் உறுத்தியது. அவள் ஒவ்வொரு முறையும் டேப்பை வைத்து அளந்து பார்த்துத்தான் தன் ஆட்களை நிறுத்தினாள். நீலக் குதிரைகள் பதின்மூன்று அங்குலத் தூரத்தில் இருக்கும். குதிரை ஓடுவதோ பன்னிரண்டு. எப்படியும் எட்டாது என்று நிம்மதியாக இருப்பாள். அவன் முறை வரும். அவன் இரும்பு டேப்பை நீட்டுவான், மடக்குவான். குதிரைகள் வந்து அவளுடைய ஆட்கள்மேல் ஏறி நிற்கும்.

அவளுடைய குதிரைகளுக்கு மட்டும் ஏனோ காலில் முள் தைத்துவிடும். எதிரிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிடும்.

போதாக்குறைக்கு அவன் பார்வை வேறு. அவள் ஒரு படையை நகர்த்தி முடித்ததும் உம்மணா அதையே முறைத்துப் பார்ப்பான். அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பான். அப்புறம் மறுபடியும் படையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பான். அது திருட்டு முழிதான் என்று சி.ஐ.டி. முடிவு கட்டினாள். மனசில் ஒன்றும் இல்லாதவன் எதற்கு அப்படி முழிக்க வேண்டும்?

முதலில் பகடையைச் சந்தேகப்பட்டாள். நாலாவது ஞாயிறு, "இன்னிக்கு உன் பகடையை நான் வச்சுக்கிறேன், என்னுதை நீ வச்சுக்கோ" என்றாள். "சரி" என்றான் உம்மணா. தகராறே செய்யவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பகடை மாறியும் நீலக் குதிரைகள் வந்து சேர்ந்தன.

ஆகவே அவள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். உம்மணா தண்ணீர் குடிக்க உள்ளே போனான். அவனுடைய குதிரைகள் கிளம்பிய இடத்தில் அவள் ஏற்கெனவே யாருக்கும் தெரியாமல் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு வைத்திருந்தாள். பொத்தானில் டேப்பின் நுனியை வைத்து இழுத்தாள்.

பதின்மூன்று!

இன்னொரு பொத்தானிலிருந்து அவன் காலாட்படையை அளந்தாள். ஏழு!

ஆறு போக வேண்டியது ஏழு போயிருக்கிறது. பன்னிரண்டு போக வேண்டியது பதின்மூன்று போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் திருடுகிறான்!

"வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு... சரியான அமுக்குணி!" என்று பல்லைக் கடித்தாள்.

"நீ ஏன் அவன்கிட்டயே கேக்கல?" என்றான் வாண்டு.

"திருடன்கிட்டப் போய், நீ திருடினியான்னு கேட்டா, ஆமா திருடினேன்னு சொல்லுவானா?"

வாண்டு யோசித்தான். "நான் பிஸ்கட் எடுத்தப்ப சொன்னேனே."

"நீ சின்னப் பையன். உனக்குத் திருடவும் தெரியாது."

மறுநாள் பள்ளியிலிருந்து வரும் வழியிலேயே விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சி.ஐ.டி. எதிர்வீட்டு இரட்டையரிடம் சொன்னாள். இரட்டையரிடம் சொன்னால் ஒலிபெருக்கியிடம் சொன்ன மாதிரி. ஒருவன் வாக்கியத்தைத் தொடங்குவான், மற்றவன் முடிப்பான்.

"அவனை நாம..."

"...கையும் களவுமா பிடிக்கணும்!"

சைக்கிள் கடைக்காரர் மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். அந்த வட்டாரத்திலேயே சத்தமாகக் கத்தக்கூடியவள் அவள்தான் என்பதால் அவள் அவசியம் தேவைப்பட்டாள்.

திட்டம் இதுதான். வரும் ஞாயிறு எல்லோரும் வேடிக்கை பார்க்கிற மாதிரி வர வேண்டும். உம்மணா ஓர் அங்குலம் கூடுதலாக நகர்த்துவான். சி.ஐ.டி. அளப்பாள். அளந்து உறுதியானதும் அம்மாவின் சிவப்புப் பென்சிலை எடுத்துக் காதில் செருகுவாள். அதுதான் அடையாளம். உடனே எல்லோரும் ஒரே குரலில் "அழுகுணி ஆட்டம்!" என்று கத்த வேண்டும். அதற்கப்புறம் இந்தத் தெருவில் யாரும் அவனை எந்த ஆட்டத்திலும் சேர்க்கப்போவதில்லை.

"அப்ப அந்தக் குதிரைங்க?" என்றான் வாண்டு கவலையோடு.

"அதுங்களும் மாடிக்கே போயிடும்."

வாண்டுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் காதில் பென்சில் செருகும் பகுதி பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உம்மணா கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மேசையைச் சுற்றி நாலைந்து தலைகள். அவன் திகைத்துப்போய் வாசலிலேயே நின்றான்.

"இவங்க எல்லாம் யாரு?"

"வேடிக்கை பார்க்க வந்திருக்காங்க" என்றாள் சி.ஐ.டி.

"இந்த ஆட்டத்தையா?"

"ஆமா."

உம்மணா பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று மாடிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன டப்பாவும் இருந்தன.

டப்பாவிலிருந்து அவன் எடுத்தது, இதுவரை யாரும் பார்க்காத ஒரு படை. நீலச் சட்டை, தலையில் உயரமான கறுப்பு ரோமத் தொப்பி.

"இது காவல்படை" என்றான். "பேரரசரோட சொந்தப் படை. எங்க அண்ணன் இதை அடிக்கிறதுக்கு ஒரு லீவு முழுக்க உக்காந்தான். இதை நான் வெளியில எடுக்கிறதே இல்ல. இன்னிக்கு இத்தனை பேரு வந்திருக்கீங்கல்ல, அதான்."

அவன் குரல் லேசாக நடுங்கியது. சந்தோஷத்தில்தான். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தான். யாருக்கு என்ன சந்தேகம் என்று கேட்டுக் கேட்டு விதிகளைச் சொன்னான். குதிரைப்படை மோத வந்தால் காலாட்படை நாலு பக்கமும் துப்பாக்கிக் கத்தியை நீட்டிச் சதுரமாக நிற்கும் என்று தன் விரல்களாலேயே சதுரம் கட்டிக் காட்டினான். சைக்கிள் கடைக்காரர் மகள் பிஸ்கட்டைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சி.ஐ.டி.க்கு நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்றது. அதை அதட்டி உட்கார வைத்தாள். குற்றவாளி பிஸ்கட் கொடுத்தால் நிரபராதி ஆகிவிடுவானா?

சண்டை தொடங்கியது. பீரங்கிகள் சுட்டன. இரட்டையர் வாயாலேயே வெடிச் சத்தம் போட்டார்கள், ஒருவன் "டம்", மற்றவன் "டமால்". சிவப்புப் படை நூல்கண்டுக் கிராமத்தைப் பிடித்துக்கொண்டது. உம்மணா வெகுநேரம் யோசித்தான். பிறகு காவல்படையை ஆற்றுக்கு முன்னால் கொண்டுவந்து, அங்கிருந்து கிராமத்தின்மேல் ஏவினான்.

"தொட்டாச்சு. பகடை!"

சி.ஐ.டி. உருட்டினாள். ஆறு. உம்மணா உருட்டினான். பகடை மேசை ஓரம்வரை ஓடி, சுற்றி, இரண்டில் படுத்தது.

"காவல்படை தோத்துடுச்சு!" என்று வாண்டு குதித்தான்.

"பின்வாங்கணும்" என்றான் உம்மணா மெதுவாக. காவல்படைக்குப் பின்னால் ஆறு இருந்தது. ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அவன் இரும்பு டேப்பை நீட்டினான். ஆறு அங்குலம். காவல்படையைப் பின்னால் நகர்த்தினான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அட்டையின் பின்னோரம் நீல ரிப்பனைத் தொட்டது.

"முழுகிப் போச்சு" என்றான். தன் அண்ணன் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து வண்ணம் தீட்டிய படையை எடுத்து மேசைக்கு வெளியே வைத்தான்.

சி.ஐ.டி.யின் கை ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. காவல்படை நின்ற இடத்தில் பொத்தான். ரிப்பன்வரை டேப். எண்ணைப் பார்த்தாள்.

ஏழு!

கிடைத்துவிட்டான்! எல்லோர் முன்னாலும் ஏழு! இடது கை பென்சிலை எடுத்தது. காதை நோக்கிப் பாதி தூரம் போனது.

அங்கேயே நின்றுவிட்டது.

ஏழு போனதால்தானே காவல்படை ஆற்றில் விழுந்தது? அவள் டேப்பின்படி ஆறு அங்குலத்தோடு நின்றிருந்தால், ஆற்றுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நின்று பிழைத்திருக்குமே! ஓடிப் பிடிக்கும்போது ஓர் அங்குலம் திருடினான், சரி. தோற்று ஓடும்போதும் ஓர் அங்குலம் திருடித் தன் படையைத் தானே ஆற்றில் தள்ளுவானா? எந்தத் திருடன் தன் வீட்டிலேயே கன்னம் வைப்பான்?

எப்போது அளந்தாலும் ஓர் அங்குலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லாபத்திலும் ஓர் அங்குலம், நஷ்டத்திலும் ஓர் அங்குலம்.

சி.ஐ.டி. முதல்முறையாகத் தன் கையிலிருந்த டேப்பைச் சந்தேகப்பட்டாள். நுனியைத் திருப்பிப் பார்த்தாள். நூல் பிரியாமல் சுற்றித் தைத்திருந்தது. நுனியிலிருந்து வரும் முதல் எண் இரண்டு.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிப்போயிற்று.

ஆனால் வாண்டு அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பென்சில் பாதி வழியில் நிற்கிறது. அக்கா மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பாவம், உதவி செய்வோம் என்று தானே ஒரு பென்சிலை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டான். இரட்டையருக்கு யார் காதாக இருந்தால் என்ன?

"அழுகுணி..."

"...ஆட்டம்!"

"அழுகுணி ஆட்டம்! அழுகுணி ஆட்டம்!" என்று சைக்கிள் கடைக்காரர் மகளும் பழக்கதோஷத்தில் கத்தினாள். முன்னறையே அதிர்ந்தது.

உம்மணா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இஸ்திரிச் சட்டைக்கு மேலே அவன் கழுத்து சிவந்தது.

"நான் கள்ளாட்டம் ஆடல" என்றான். சிப்பாய்களை எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தான். அவசரத்தில் ஒரு குதிரைக்காரன் கவிழ்ந்து விழுந்தான்.

"நிறுத்துங்க!" என்று சி.ஐ.டி. போட்ட சத்தத்தில் உள்ளே தையல் மெஷினே நின்றுவிட்டது. "அவன் ஆடல! நான்தான்! என் டேப்தான்!"

அவள் இரண்டு டேப்புகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். இரும்பு டேப்பில் பன்னிரண்டு இருந்த இடத்தில் அவளுடைய டேப்பில் பதின்மூன்று இருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஒண்ணு..."

"...எங்க காணோம்?"

"அது இல்ல" என்றாள் சி.ஐ.டி. "ரெண்டுல இருந்துதான் நம்பரே தொடங்குது."

அம்மா வாயில் நூலோடு எட்டிப் பார்த்தாள். "என்ன கூச்சல்? ஓ, அந்த டேப்பா? நுனி பிஞ்சுபோச்சுன்னு நான்தான் ஒரு அங்குலத்தை வெட்டிட்டு ஓரம் தைச்சேன். தூக்கிப் போட மனசு வரல. அதுல அளந்தா ஒண்ணைக் கழிச்சுக்கணும்."

"ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா? ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் குறுக்கு விசாரணை பண்றே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் அம்மா. மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

சி.ஐ.டி. உம்மணாவின் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். ரெண்டு மூணு வாரமா. இவங்க வேடிக்கை பார்க்க வரல. உன்னைப் பிடிக்க வந்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். தப்பு என்னோடது."

"எல்லாருமே அதுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டான் உம்மணா. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

சைக்கிள் கடைக்காரர் மகள் தொண்டையைச் செருமினாள்.

"வரும்போது அதுக்குத்தான் வந்தேன். ஆனா அந்தச் சதுரம் கட்டிக் காட்டினே பாரு, அதுக்கப்புறம் எதுக்கு வந்தேங்கிறதே மறந்துபோச்சு. இவனுங்க கத்தினதும் என் வாய் தானா கத்திடுச்சு. என் வாய் அப்படித்தான்."

உம்மணா கவிழ்ந்து கிடந்த குதிரைக்காரனை நிமிர்த்தி வைத்தான். பெட்டிக்குள் அல்ல, மேசைமேல்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் தயங்கித் தயங்கி. "நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"என்னையா? எதுக்கு?"

"நீ ஒவ்வொரு தடவையும் ஒரு அங்குலம் கம்மியாவே போனே. பன்னெண்டு போகலாம், பதினொண்ணுல நிறுத்திடுவே. ஆறு போகலாம், அஞ்சுல நிறுத்திடுவே. கம்மியா போறது தப்பில்ல, விதியில இடம் இருக்கு. ஆனா ஏன் போற? ஏதோ பெரிய சூழ்ச்சி பண்றேன்னு நெனச்சேன். உன் படையைப் பார்ப்பேன், உன் மூஞ்சியைப் பார்ப்பேன், ஒண்ணுமே புரியாது. எனக்கு ராத்திரியில தூக்கமே வரல. அண்ணனுக்கு போன் பண்ணிக்கூடக் கேட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அந்தப் பொண்ணு பெரிய ஆளா இருப்பா போல, ஜாக்கிரதையா இருன்னு சொன்னான்."

சி.ஐ.டி. அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். யார் முதலில் சிரித்தது என்று அப்புறம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனால் உம்மணா சிரித்ததற்கு அங்கே நாலு சாட்சிகள் இருந்தார்கள். மேல்வரிசையில் அவனுக்கு ஒரு பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரியவந்தது.

"நீ ஏன் என்கிட்டக் கேக்கல?" என்றாள் சி.ஐ.டி.

"எதிரித் தளபதிகிட்டப் போய், உன் சூழ்ச்சி என்னன்னு கேட்டா சொல்லுவியா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"காவல்படையைத் திரும்ப வச்சுக்கோ" என்றாள் அவள். "இந்த ஆட்டம் செல்லாது."

"முடியாது. என் டேப்பு சரியான டேப்பு. ஆறு அங்குலம்னா ஆறு அங்குலம். காவல்படை முழுகினது முழுகினதுதான்" என்றான் உம்மணா. "வேணும்னா முதல்ல இருந்து புதுசா ஒரு ஆட்டம் ஆடலாம். வேக விதிதானே, சாப்பிடறதுக்குள்ள முடிஞ்சிடும்."

புது ஆட்டம் தொடங்கியது. இந்தத் தடவை அளவெல்லாம் இரும்பு டேப்பில்தான். அதன் ஒரு முனையை இரட்டையரில் ஒருவன் பிடித்துக்கொண்டான், மறுமுனையை மற்றவன் பிடித்துக்கொண்டான். சைக்கிள் கடைக்காரர் மகள் காவல்படைக்குத் தலைமை தாங்கினாள். அவள் "முன்னேறு!" என்று கத்திய கத்தலில் நூல்கண்டுக் கிராமத்தில் ஒரு வீடு சரிந்தது. சிவப்புக் குதிரைகள் முழுசாகப் பன்னிரண்டு அங்குலம் ஓடின. அது எவ்வளவு தூரம் என்று சி.ஐ.டி.க்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசை தீர ஓட்டினாள். ஓட்டிய வேகத்தில் உம்மணாவின் பீரங்கிகளுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

மறுபடியும் தோற்றாள். தோற்றதற்கு யாரையும் சந்தேகப்பட வழியில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். அடுத்த வாரம் பீரங்கி யாருக்கு என்று இரட்டையர் வாசல்வரை அடித்துக்கொண்டு போனார்கள். உம்மணா சிப்பாய்களை அடுக்கிப் பெட்டியை மூடினான். தூக்கப்போனவன் நின்றான். பெட்டியை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளி வைத்தான்.

"இங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் எதுக்குத் தூக்கிட்டு வரணும்?" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு மாடிப்படி ஏறினான்.

வாண்டு மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியைப் பார்த்தான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். காதில் இன்னும் பென்சில் இருந்தது.

"ஏன் விட்டுட்டுப் போறான்? அக்கா, இதுல ஏதோ இருக்கு!"

"இருக்கு. ரெண்டு ராணுவம் இருக்கு" என்றாள் சி.ஐ.டி. "நீ போய் முகத்தைக் கழுவு."